மூன்றாம் தரத்துக்கு முன்

பாசையூர்ச் சந்தையில்
விடிய நாலரைக்கு நான் வாய் திறந்தால்
குருநகர்வரை கேட்கும் என்பார்கள்.
விளைமீன் ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது,
ஒருதரம், ரெண்டுதரம் —
மூன்றாம் தரத்துக்கு முன் ஒரு மூச்செடுப்பேன்.
அந்த மூச்சுக்குள்தான் விலை ஏறும்.

இப்போது என்னை நிறுக்கிறார்கள்,
தெல்லிப்பழையில்,
செருப்பைக் கழற்றச் சொல்லி.
அறுபத்தெட்டுக் கிலோவாய்ப் போனவன்
நாற்பத்தொன்பதே முக்காலில் நிற்கிறேன்.
"முக்காலையும் எழுதுங்கோ பிள்ளை" என்றேன்.
குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.
அவளுக்கு விளங்கிவிட்டது. எழுதினாள்.

முப்பத்தைந்து தரம் கறண்ட் பிடித்தார்கள்.
கட்டி போய்விட்டது, சந்தோசம்.
போகிற போக்கில் உமிழ்நீரையும்
உப்பெது புளியெது என்ற கணக்கையும்
கையோடு கொண்டுபோய்விட்டது.
பிட்டு வாய்க்குள் மணல்.
பாண், நனைந்த பஞ்சு.
பூசையில் நற்கருணை அண்ணத்தில் ஒட்டி
கடைசி ஆசீர் முடியும்வரை
கரையாமல் என்னோடு இருந்தது.

தண்ணீர் எதிரியாகும் என்று
ஆர் கண்டது?
இளவயதில் வள்ளம் கவிழ்ந்து
இரண்டு மணித்தியாலம் மிதந்தவன்
ஒரு மிடறு கிணற்றுத் தண்ணீரில்
குசினிக்குள் தாழப் பார்த்தேன்.

ஆரணி மிஸ் தாளில் கீறிக் காட்டினா.
"உள்ளுக்க இருக்கிற கதவு
இப்ப சுணங்கித்தான் சாத்துது ஐயா.
தண்ணி ஓடிப்போய்ச் சுவாசப்பைக்குள்ள விழுந்திடும்.
தடிப்பாக்கிக் குடியுங்கோ.
நாடியை நெஞ்சோட சேருங்கோ.
மூச்சைப் பிடியுங்கோ, விழுங்குங்கோ,
இருமுங்கோ, திரும்ப விழுங்குங்கோ."
ஐம்பத்தொன்பது வயதில்
வெறும் எச்சிலை வைத்துப் பாடமாக்கினேன்.
எச்சிலும் இல்லை.

அதற்கு முதல் மூன்று மாதம்
மூக்கால் சாப்பிட்டேன்.
பால்மா, முட்டை, கதலிப்பழம், உழுத்தம்மா
எல்லாம் அரைத்து, இரண்டு தரம் வடித்து,
பெரிய ஊசியில் அறுபது மில்லி,
பொறுத்து இன்னொரு அறுபது.
குழாய் அடைத்தால்
பிலோமினாவின் முகமும் அடைக்கும்.
"இண்டைக்கு என்ன கறி?"
கொப்பியில் எழுதிக் காட்டுவேன்.
"மஞ்சள் கறி" என்பாள்.
நேற்றுப் பழுப்புக் கறி.

குழாய் எடுத்து ஒன்பதாம் நாள்
அவள் கூழ் காய்ச்சினாள்.
செத்தல் இல்லை, எனக்கு நண்டு இல்லை.
மீனை அவித்து, முள்ளுக்குப் பயந்து
துணியில் பிழிந்து சாறெடுத்து
ஒடியல் மாவைக் கரைத்து விட்டாள்.
கரண்டியைச் சரித்துப் பார்த்தாள்.
சொட்டவில்லை.
யோசித்து யோசித்து இறங்கியது.
"மிஸ் சொன்ன தடிப்பு இதுதானே,
இதுக்கோ அந்தப் பேணி மாவுக்கு
இவ்வளவு காசு குடுத்தனாங்கள்!"

நாடியைக் குனிந்தேன். பிடித்தேன். விழுங்கினேன்.
இருமிப் பார்த்தேன்.
போயிருந்தது.
நாக்கின் ஓரத்தில் ஏதோ கூசியது,
புளியா, புளியின் நினைப்பா, தெரியாது.

அடுத்த கரண்டியைத் தூக்கிக்கொண்டு
"ஒருதரம்" என்றாள்,
அச்சொட்டாய் என் சந்தைக் குரலில்.
பாவி, முப்பது வருசம் கேட்டிருக்கிறாள்.
சிரித்தால் புரைக்கேறும்.
கையைக் காட்டினேன், நிற்பாட்டவில்லை.
"ரெண்டுதரம்."
மூன்றாம் தரத்துக்கு முன்
மூச்சைப் பிடித்தேன்.

பதினொரு கரண்டி, முக்கால் மணித்தியாலம்.
கூழ் ஆறித் தோல் பிடித்துவிட்டது.

பிறகு தனக்கென்று வேறாய் வைத்ததை
எடுத்துக்கொண்டு
கிணற்றடிப் பக்கம் போய் இருந்தாள்,
எனக்குத் தெரியாது என்ற நினைப்பில்.
நண்டுக்கால் உடைபடும் சத்தம் கேட்டது.
உடை, நல்லாய் உறிஞ்சு என்று
வாய்க்குள் சொன்னேன்.
வியாழக்கிழமை தராசு.